அமைச்சரின் தம்பி மகள்

ஆகஸ்ட் 18

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்ப்பவனுக்கு அது லேசில் போகாது என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

செய்தியில் பார்த்திருப்பாய். காலமெல்லாம் தொழிலாளர் வழக்கு நடத்திய வக்கீலான எனக்குப் பாதுகாப்புத் துறை கிடைத்திருக்கிறது. பிரதமரிடம் கேட்டே விட்டேன். "உங்களுக்குத் துப்பாக்கின்னாலே பிடிக்காது. அதனாலதான் உங்ககிட்ட குடுக்கிறேன்" என்றார். அவர் கேலி செய்தாரா, நிஜமாகச் சொன்னாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இனிமேல் தொலைபேசி வேண்டாம். பேசும்போது மூன்றாவதாக யாரோ மூச்சு விடுவது கேட்கிறது. கடிதத்தையும் பிரித்துப் பார்ப்பார்களாக இருக்கும். ஆனாலும் காகிதம் மூச்சு விடாது.

என் அறைக்குப் போகும் வழியில் நீண்ட தாழ்வாரம் ஒன்று உண்டு. எனக்கு முன்னால் இருந்த அமைச்சர்கள் எல்லோரும் இருபக்கச் சுவரிலும் படங்களாக நிற்கிறார்கள். முதல் ஆள் குதிரைமேல் இருக்கிறார். அவர் காலத்தில் இந்தப் பதவிக்குப் 'போர் அமைச்சர்' என்று பெயராம். பெரிய போர் முடிந்து ஊரெல்லாம் அழுது ஓய்ந்த பிறகு 'பாதுகாப்பு' என்று மாற்றினார்களாம். "பேரை மாத்தினதும் சண்டை குறைஞ்சுதா?" என்று செயலாளரிடம் கேட்டேன். "கோப்பு கூடிச்சு மேடம்" என்றார். நல்ல மனிதர்.

காலையில் அந்தத் தாழ்வாரத்தில் நடந்தால் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருக்கிறது. என் காலடிச் சத்தம் எனக்கே கேட்பதில்லை.

சிட்டு எப்படி இருக்கிறாள்? அவள் பெட்டி படுக்கையோடு எந்த ராணுவ முகாமுக்குப் போகிறாள் என்று முடிவானதா? வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அக்கா

*

செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். முதுகும் தன் பாட்டுக்கு நலம். உன் தூக்கம் எப்படி என்று எழுது. நீ நன்றாகத் தூங்கினால்தான் நாங்கள் நிம்மதியாகத் தூங்க முடியும் என்று நேற்று ஒரு நோயாளி சொன்னார். நாட்டைச் சொன்னாரோ, நம் குடும்பத்தைச் சொன்னாரோ தெரியவில்லை. வாயில் பஞ்சு வைத்திருந்ததால் மேலே கேட்க முடியவில்லை.

ஊரில் எனக்குத் திடீர் மரியாதை. மீன்காரர்கூட என்னைப் பார்த்து விறைப்பாக சல்யூட் வைக்கிறார். "அக்காகிட்ட சொல்லி, ஏரி நடுவுல ரெண்டு நாடும் அடிச்சுக்கிற அந்தத் தீவை நமக்கே வாங்கிக் குடுத்துடுங்க டாக்டர்" என்கிறார். ஏதோ கடையில் இருப்பதைக் கேட்பது போல.

சிட்டுவுக்கு இங்கேயே, ஏரிக்கரை முகாமிலேயே போட்டுவிட்டார்கள். லெப்டினன்ட் மகளார் இப்போது வயர்லெஸ் பிரிவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, சீருடையோடு சோபாவில் குப்புறப் படுத்துத் தூங்குகிறாள்.

முகாமிலிருந்து எனக்கு நல்ல வரும்படி. சொத்தைப் பல்லோடு யாரையும் தீவுக்கு அனுப்ப மாட்டார்களாம். அங்கே பல்வலி வந்தால் பனியில் படகு வரும்வரை துடிக்க வேண்டியதுதான். அதனால் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். இந்த வாரம் நாற்காலி காலியாகவே இல்லை.

சிட்டுவின் அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு விடைத்தாள் மலையாகக் குவிந்திருக்கிறது.

உன்
தம்பி

*

செப்டம்பர் 9

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

முதலில் ஒன்று. நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்பதை இனி எழுதாதே. உன் கடிதத்தைப் படித்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். எனக்கு வந்த அறிக்கையில் இல்லாத செய்தி அதில் இருந்தது.

தீவுக்கு ஆட்களைக் கூட்டுகிறார்கள் என்று நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தளபதியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வழக்கமான மாற்றம்தான் மேடம்" என்றார். "வழக்கத்தை எனக்கும் சொல்லிடுங்க" என்றேன். மறுநாள் கோப்பு மேசைக்கு வந்தது.

என் வேலை என்னவென்று கேட்டிருந்தாய் அல்லவா, கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது? படையை ஏவுவது சபை. நகர்த்துவது தளபதி. நடுவில் உட்கார்ந்து 'ஏன்' என்று கேட்பதுதான் நான். ஒரு காலத்தில் தளபதிகளே இந்த நாற்காலியில் உட்கார்ந்தார்களாம். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மறந்துபோனார்கள். அதன் பிறகுதான் சீருடை போட்டவர் இங்கே உட்காரக் கூடாது, ஓட்டு வாங்கியவர்தான் உட்கார வேண்டும் என்று சட்டம் வந்ததாம். தாழ்வாரத்தில் அந்த இடத்தில் படங்களின் சட்டை மாறுகிறது. பதக்கங்கள் மறைந்து கோட்டும் கண்ணாடியும் வருகின்றன.

நேற்று மதியம் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். படத்திலிருந்தவர்கள் எல்லோரும் இறங்கி வந்து மேசையைச் சுற்றி நின்று என் கையெழுத்தை எட்டிப் பார்ப்பது போல ஒரு கனவு. குதிரையும் பார்த்தது.

சிட்டுவுக்கு என் முத்தம். அவளிடம் மட்டும் சொல், சோபாவில் குப்புறப் படுக்க வேண்டாமென்று. கழுத்து பிடித்துக்கொள்ளும்.

அக்கா

*

அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமென்று தொலைக்காட்சியில் தெரிகிறது. கொஞ்சம் இளைத்திருக்கிறாய்.

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுதக் கூடாததை எல்லாம் கழித்துப் பார்த்தால் எழுத என்ன இருக்கிறது என்று புரியவில்லை. பனியைப் பற்றி எழுதலாம். அது யாருக்கும் ரகசியம் இல்லை.

ஏரி காணாமல் போய்விட்டது. காலையில் கதவைத் திறந்தால் தெருவிளக்குக்கு அப்பால் ஒன்றும் இல்லை, வெறும் பால். அதற்குள் எங்கோ படகு மோட்டார் முனகுகிறது. அக்கரை நாட்டுக்காரர்கள் கூப்பிடும் குரலும் சில நேரம் மிதந்து வரும். யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். மொழி புரியாவிட்டாலும் அது தெரிகிறது. அம்மாக்கள் எல்லா மொழியிலும் ஒரே ராகத்தில்தான் திட்டுகிறார்கள்.

நேற்று கடைசியாக வந்த நோயாளிக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லை அடைத்தேன். அந்தப் பல் முளைத்தபோதே எனக்குத் தெரியும். முளைத்த வாரம் முழுக்க அதன் சொந்தக்காரி என் விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஊசி போட்டபோது கண்ணை மூடவில்லை. முடிந்ததும் "எவ்வளவு நாள் தாங்கும் டாக்டர்?" என்று கேட்டாள். "உன் ஆயுசுக்கும் தாங்கும்" என்றேன்.

என் வீட்டுக்காரி சரியாகச் சாப்பிடுவதில்லை. மற்றபடி எல்லாம் வழக்கம்போல.

தம்பி

*

அக்டோபர் 25

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நன்றாகக் கிடைத்தது.

என் மேசையில் ஏரியின் வரைபடம் விரித்திருக்கிறது. நீ சொல்லும் பால் அதில் வெளிர் நீலமாக இருக்கிறது. நடுவில் தீவு, ஒரு மிளகு அளவு. கோரைப்புல்லும் நாரையும் இடிந்த சுங்கச்சாவடியும் தவிர அங்கே எதுவும் இல்லை என்று எனக்கும் தெரியும், அக்கரை அமைச்சருக்கும் தெரியும். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஒரு அமைச்சர் அதற்காக ஒரு சண்டையே நடத்தினார். தாழ்வாரத்தில் அவர் படத்துக்கு மட்டும் கண்ணாடி புதிது. யாரோ ஒரு தாய் செருப்பால் அடித்து உடைத்துவிட்டாளாம். செயலாளர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

பழைய கோப்புகளை எல்லாம் வரவழைத்துப் படிக்கிறேன். எல்லோரும் 'விட்டுக்கொடுக்க முடியாது' என்றே எழுதியிருக்கிறார்கள். எதை என்று ஒருவரும் எழுதவில்லை.

நீ அடைத்த பல் நன்றாக இருக்கட்டும்.

அக்கா

*

நவம்பர் 17

அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. அதனால் அந்த வரியைத் தாண்டிப் போகிறேன்.

இந்தக் கடிதம் உங்கள் தம்பிக்குத் தெரியாது. அவர் உங்களுக்குப் பனியைப் பற்றி எழுதுவார். நீங்கள் அவருக்குப் படங்களைப் பற்றி எழுதுவீர்கள். படித்துக் காட்டுவார். ரெண்டு பேரும் நன்றாக எழுதுகிறீர்கள்.

சிட்டு தீவில் இருக்கிறாள். அவள் போன நாளிலிருந்து வகுப்பில் கரும்பலகை பக்கம் திரும்பினால் என்ன எழுத வந்தேன் என்று மறந்துவிடுகிறது. பிள்ளைகள் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். ஒரு பெண் எழுந்து வந்து சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கி, கணக்கை அவளே முடித்தாள்.

உங்களுக்கு ஒரு வார்த்தை போதும். அவளை ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கேயாவது போடச் சொல்லுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று யோசிப்பீர்கள். ஊர் என்ன சொன்னாலும் எனக்குச் சோறு இறங்கும். அவள் அங்கே இருந்தால் இறங்கவில்லை.

உங்களிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

சிட்டுவின் அம்மா

*

டிசம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நாங்கள் இருக்கிறோம்.

நீ எழுதி வெகுநாளாயிற்று. இவள் உனக்கு எழுதியதை என்னிடம் இப்போதுதான் சொன்னாள். அதற்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. பதில்தான் வேறு விதமாக வந்துவிட்டதே என்று நினைத்தோம்.

போன வாரம் சிட்டு வீட்டுக்கு வந்தாள். பனிக்குள்ளிருந்து தெருவில் ஒரு நிழல் வந்தது, பிறகு தொப்பி, பிறகு அவள். கரைக்கு மாற்றிவிட்டார்களாம். காரணம் சொல்லவில்லையாம். அவளுடைய அறைத்தோழி, நெட்டை என்று கூப்பிடுவாளே, அந்தப் பெண் சிட்டுவின் இடத்துக்குப் போயிருக்கிறாளாம். சிட்டுவின் அம்மா தோசைக்கல்லைப் போடுவதும் அவள் தலையைத் தொடுவதுமாக இருந்தாள். "அண்ணிதான்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். நான் உன்னைக் கேட்கப் போவதில்லை.

ஆனால் சிட்டு குளித்து முடித்து, தன் கட்டிலில் ரெண்டு பொழுது தூங்கி எழுவதற்குள் ஜீப் வந்துவிட்டது. திரும்பத் தீவுக்கே. மாற்றம் ரத்தாம். ராணுவத்தில் எப்போதும் இந்தக் குளறுபடி என்றாள் அவள், பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டே. அவள் அம்மா வாசலில் அப்படியே நின்றாள். ஜீப் போய், பனி மூடி, தெரு பழையபடி ஆனபிறகும் நின்றாள்.

எங்கே தவறு நடந்தது என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

தம்பி

*

டிசம்பர் 23

அக்கா,

நலம் கேட்க இப்போது மனம் இல்லை.

அக்கரையிலிருந்து தீவில் குண்டு விழுந்தது உனக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். வயர்லெஸ் அறைக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. சிட்டு முகாம் மருத்துவமனையில் இருக்கிறாள். உயிருக்கு ஒன்றும் இல்லை. கை கால் எல்லாம் இருக்கிறது. இடது காது கேட்காமல் போய்விட்டது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தம்பி

*

ஜனவரி 14

அன்புத் தம்பிக்கு,

உங்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அதற்கு மேல் அந்த இடத்தில் எழுத எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. சிட்டுவைப் பார்க்கும் மருத்துவர்களிடம் விசாரிக்கிறேன். காயம்பட்ட மற்றவர்களை விசாரிப்பது போலத்தான்.

தீவைப் பற்றிய செய்தி வந்திருக்கும். ஆனால் எப்படி நடந்தது என்று நீ என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

குண்டு விழுந்த மறுநாள் பதிலடிக்கான உத்தரவு என் மேசைக்கு வந்தது. கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் பிரதமரிடம் போய் அக்கரை அமைச்சரோடு பேச ஒரே ஒரு வாய்ப்பு கேட்டேன். கொடுத்தார்.

ஏரி நடுவில் ரெண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டினார்கள். பனியில் கரை எதுவும் தெரியவில்லை. அக்கரை அமைச்சர் வயதானவர், கம்பளிக் குல்லா போட்டிருந்தார். அவரோடு மொழிபெயர்ப்பாளர், என்னோடு ஒருவர். நாங்கள் பேசிய ஒவ்வொரு சொல்லும் வெள்ளைப் புகையாக வாயிலிருந்து வெளியே வந்தது. எது யாருடையது என்று தெரியாமல் கலந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறேன், எந்தப் பக்கம் என் நாடு என்பதே மறந்துவிட்டது. படகு சுற்றிக்கொண்டிருந்தது போல. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். "உங்க கரை எது?" என்று அவர்தான் முதலில் கேட்டார். படகோட்டிகள் ரெண்டு பேரும் வெவ்வேறு பக்கம் கை காட்டினார்கள். அவர் சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் பேச முடிந்தது.

இரண்டு பக்கமும் தீவை விட்டு இறங்குவது, யாரும் திரும்ப ஏறாமல் இருப்பது. இவ்வளவுதான் ஒப்பந்தம். இப்போது அங்கே நாரைகள் மட்டும் இருக்கின்றன.

தம்பி மகளைக் காப்பாற்றத் தீவைத் தாரை வார்த்தேன் என்று சபையில் கூச்சல். நான் பதில் சொல்லவில்லை. உங்கள் தெருவிலும் பேசுவார்கள். பொறுத்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

சிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். உடம்பு தேறி வருகிறது.

தெருவில் பேசத்தான் செய்தார்கள். மீன்காரர் சல்யூட் வைப்பதை நிறுத்திவிட்டார். "உங்க வீட்டுப் புள்ளைன்னா ஒரு நியாயம்" என்று என் நாற்காலியில் படுத்துக்கொண்டே ஒருவர் சொன்னார். ரோஷம் வந்து, என் அக்கா அப்படிப்பட்டவள் இல்லை என்று கத்தினேன். அன்று மாலை வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். சிட்டு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அத்தை அப்படிப்பட்டவங்க இல்லதான்பா. என்னைத் திருப்பித் தீவுக்கு அனுப்பினதே அவங்கதான்" என்றாள்.

முகாம் அதிகாரியே அவளிடம் சொன்னாராம். கரைக்கு மாற்றியது தளபதி. ரத்து செய்தது அமைச்சர்.

சிட்டுவின் அம்மா கையிலிருந்த தட்டை மேசைமேல் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். இத்தனை நாளாகியும் அவள் உன் பெயரைச் சொல்லவில்லை.

எங்கே தவறு நடந்தது என்று உன்னைக் கேட்டு எழுதினேனே, அதைப் படிக்கும்போது உனக்கு எப்படி இருந்தது அக்கா? நீ பனியையும் படகையும் அவ்வளவு அழகாக எழுதினாய். நான் அதை இவளுக்குப் படித்துக்கூடக் காட்டினேன்.

உன் வாயால் ஒரு தடவை சொல். ஆமாம் என்றோ இல்லை என்றோ.

தம்பி

*

பிப்ரவரி 11

தம்பிக்கு,

ஆமாம்.

தளபதி ஒரு நாள் கோப்புகளை முடித்துவிட்டு எழுந்திருக்கும்போது சொன்னார்: "மேடம், லெப்டினன்ட்டை கரைக்குக் கொண்டுவந்துட்டோம். நீங்க கவலைப்பட வேண்டாம்." நான் கேட்கவே இல்லை. அவராகவே மரியாதைக்குச் செய்தது. உன் மனைவியின் கடிதம் அப்போது என் கைப்பையில் இருந்தது. ஒரு வினாடி எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அதை நான் மறைக்க மாட்டேன்.

பிறகு கேட்டேன். "அவளுக்குப் பதிலா யார் போயிருக்கா?"

பெயரைச் சொன்னார்.

"அந்தப் பொண்ணோட அத்தை யாரு?"

"தெரியலைங்க மேடம்."

"அப்ப இவளைத் திருப்பி அனுப்புங்க."

அவர் கொஞ்ச நேரம் நின்றார். நான் வார்த்தையை மாற்றுவேன் என்று காத்திருந்தாராக இருக்கும். நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். மாற்றவில்லை.

உனக்கு எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். எழுதினால் என்னை மன்னித்துவிடு என்று கேட்பது போல ஆகிவிடும். அதை உங்களிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. சபையில் இதைச் சொல்லியிருந்தால் கூச்சல் போட்டவர்களே கைதட்டியிருப்பார்கள். சிட்டுவின் காதை வைத்துக் கைதட்டு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

நாலு நாளைக்கு முன்னால் பதவியை விட்டு விலகிவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. தீவு காலியாகிவிட்டது, இனி என்னால் அந்தத் தாழ்வாரத்தில் நடக்க முடியாது. அவ்வளவுதான். பழைய வக்கீல் அறையைக் கூட்டிப் பெருக்கி உட்கார்ந்திருக்கிறேன். மழைக்கு ஒழுகுகிறது. மத்தியானம் தூங்கினால் கனவு வருவதில்லை.

நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

அக்கா

*

மார்ச் 19

அத்தைக்கு,

நலமா என்று கேட்டால் நீங்கள் 'சுகம்' என்றுதான் எழுதுவீர்கள். அதனால் வந்து நேரில் சொல்லுங்கள்.

அப்பா பதில் எழுத நாலைந்து தாளைக் கிழித்துவிட்டார். கடைசியில், "நீ எழுதும்மா" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். உங்கள்மேல் அவருக்குக் கோபம் இருக்கிறது. உங்களை யாராவது குறை சொன்னால் அவர்கள்மேலும் கோபம் வருகிறது. ரெண்டையும் வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறார். போன வாரம் ஒருவருக்குத் தவறான பல்லைப் பிடுங்கப் போய்விட்டார். அவர் கத்தியதால் பல் தப்பித்தது.

எனக்கும் கோபம்தான். நீங்கள் நினைக்கும் காரணத்துக்கு இல்லை. கரைக்குக் கூட்டி வந்தபோதும் என்னை யாரும் கேட்கவில்லை, திருப்பி அனுப்பியபோதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே போகிறேன் என்று சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

நெட்டை நான் மருத்துவமனையில் இருந்தவரை தினமும் வந்தாள். ஆரஞ்சு உரிப்பாள், அழுவாள். நாரோடு கொடுப்பாள். "அழறதுன்னா அழு, நாரை எடுத்துட்டு அழு" என்றேன். இப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை குள்ளம்.

ஏரியில் பனி விலகிவிட்டது. தீவு நன்றாகத் தெரிகிறது. இவ்வளவு சின்னதா என்று இருக்கிறது. மீன் படகுகள் ரெண்டு கரையிலிருந்தும் அது வரைக்கும் போய்த் திரும்புகின்றன. எனக்குச் சில நேரம் கேட்காத காதில் தண்ணீர் சத்தம் கேட்கிறது. மருத்துவர் அது உண்மையான சத்தம் இல்லை என்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா இன்னும் உங்கள் பெயரைச் சொல்வதில்லை. நேற்று மாடி அறையைத் திறந்து ஜன்னல்களைத் துடைத்தாள். மெத்தைக்கு உறை மாற்றினாள். யாருக்கு என்று கேட்டேன். "தூசு" என்றாள்.

வாருங்கள் அத்தை. எப்போது என்று எழுத வேண்டாம், பேருந்து ஏறிவிடுங்கள். அம்மா எழுந்து உள்ளே போனாலும் நீங்கள் எழுந்திருக்காதீர்கள். வந்ததும் என் வலது பக்கமாக உட்காருங்கள். இடது பக்கம் உட்கார்ந்தால் நீங்கள் சொல்வதற்கெல்லாம் சும்மா தலையாட்டிக்கொண்டிருப்பேன், ஒன்றும் கேட்காது. வலது பக்கம் என்றால் நீங்கள் மெதுவாகவே பேசலாம்.

சிட்டு